மே மாத மதியத்தில் தகட்டின் விறைப்பு மாறிய கதை

தஞ்சாவூரிலிருந்து:

என் முதுகலை புராஜெக்டே இதுதான். நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு கட்டுகிற பட்டறையில் வாங்கி வந்த 2 மில்லிமீட்டர் கண்ணாடியிழைத் தகடு. அதைத் தொடாமல், ஜெல் தடவாமல், காற்று வழியாகவே மீயொலி அனுப்பி விறைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காற்றிலிருந்து தகட்டுக்குள் ஒலி லேசில் போகாது. நேராக அடித்தால் இரண்டு முகத்தையும் தாண்டி மறுபக்கம் வருவது கோடியில் ஒரு சில பங்கு ஆற்றல். அதனால் சாய்த்து அடிக்க வேண்டும். காற்றில் ஒலியின் வேகத்தை, தகட்டை மேலும் கீழுமாக வளைத்தபடி ஓடும் வளைவு அலையின் வேகத்தால் வகுத்தால் அந்தச் சாய்வின் சைன் கிடைக்கும். 50 கிலோஹெர்ட்ஸில் என் தகட்டு அலை விநாடிக்கு 800 மீட்டர் அளவில் ஓடியது. சாய்வு 26 டிகிரி. அங்கே வைத்ததும் சிக்னல் ஜம்மென்று எழுந்தது.

தொல்லை அப்புறம்தான். காலையில் ஒரு விறைப்பு, மதியம் வேறொன்று! தகடு சரியில்லை என்று இரண்டு வாரம் பட்டறைக்காரரைத் திட்டினேன் (மனசுக்குள்தான்). கடைசியில் பார்த்தால் வெயில். கரண்ட் போனால் கருவிக்கு யுபிஎஸ் உண்டு, ஏசிக்குக் கிடையாது. அறை 28 டிகிரியிலிருந்து 34க்கு ஏறிவிடும். ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் வீதம் காற்றில் ஒலி வேகமெடுக்கும். மொத்தம் ஒரு சதவீதம். நானோ சாய்விலிருந்து தகட்டு அலைவேகத்தைக் கணக்கிட, காலையில் குறித்த காற்று ஒலிவேகத்தையே போட்டுக்கொண்டிருந்தேன். மெல்லிய தகட்டில் விறைப்பு அலைவேகத்தின் நான்காம் அடுக்கோடு போகும், ஆகவே ஒரு சதவீதப் பிழை நாலு சதவீதமாகிவிட்டது. யுபிஎஸ்ஸில் ஓடும் டேபிள் ஃபேனைப் போட்டால் இன்னும் மோசம், சிக்னலே ஆடும். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையில் உட்கார்ந்திருந்தேன்.

லேப் டெக்னீஷியன் அண்ணன்தான் வழி சொன்னார்: "சாய்வை நம்பாதே தம்பி. ரிசீவரைத் தகட்டுக்கு இணையாக நகர்த்திக்கொண்டே போ." ஐந்தைந்து மில்லிமீட்டராக நகர்த்தி, ஒரே முகட்டைப் பின்தொடர்ந்தேன். காற்றில் போகிற தூரம் மாறுவதில்லை, தகட்டில் ஓடுகிற தூரம் மட்டும் கூடுகிறது. நேரத்தைக் கழித்தால் காற்றின் பங்கு காணாமல் போகிறது. மதிய அளவும் காலை அளவோடு ஒத்துப்போனது.

நாகப்பட்டினத்திலிருந்து:

நாங்கள் படகை ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்க்கிற ஆட்கள். நன்றாக ஒட்டியிருந்தால் கணீர், லேயர் விட்டிருந்தால் பொத். இப்படி ஒரு கருவியோடு எங்கள் பட்டறைக்கும் ஒரு மாணவி வந்தார். மேட் (துண்டு இழைகள் தாறுமாறாகக் கிடக்கும் விரிப்பு) போட்ட துண்டை எப்படித் திருப்பினாலும் அலைவேகம் ஒன்றுதான். நெய்த ரோவிங் (தடித்த இழைக்கற்றைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி) துண்டில் இழைவாக்கில் கூடுதல், மூலைவாட்டில் குறைவு. கையால் வளைத்தே அதை நாங்கள் சொல்வோம். எவ்வளவு என்றுதான் சொல்லத் தெரியாது, அந்தப் பெண் எண்ணாக எழுதிக் கொடுத்தார்.

தஞ்சாவூரிலிருந்து:

அண்ணே, நான் திட்டியது உங்கள் பட்டறையை இல்லையே? ரோவிங்கில் ஒரு முழம் துண்டு கிடைக்குமா?