ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே பிரேக் பேட் போதுமா?

சுடுதார்:
நான்காம்கியர் நேற்று வேறொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு வருஷத்தில் இரண்டு நாள் போகிறவனுக்குத் தனி பேட் எதற்கு? நல்ல ஸ்ட்ரீட் பேட் ஒன்றே போதும். இரண்டு செட் வாங்கச் சொல்கிறவர்கள் கடைக்காரனுக்கு வேலை பார்க்கிறவர்கள்." அவர் எழுதியது இதுதான். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு செட் வைத்துக்கொள்ளச் சொல்லி இங்கே பல வருஷமாக எழுதி வருகிறவன் நான் ஒருவன்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ வண்டி. 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சிக்னலில் நிறுத்தினால் பிரேக் வாங்கிக்கொள்ளும் சக்தி சுமார் 1.16 லட்சம் ஜூல். அதே வண்டியை ட்ராக்கில் 150-லிருந்து 70-க்கு இறக்கினால் 8 லட்சம் ஜூலுக்கு மேல். ஏழு மடங்கு. சிக்னலில் ஒரு தடவை பிடித்துவிட்டு இரண்டு நிமிஷம் நிற்கிறோம். ட்ராக்கில் ஒரு லேப்பிலேயே, அதாவது ஒரு சுற்றிலேயே, பல தடவை பிடிக்கிறோம், ஆற நேரமே கிடையாது. அந்தச் சூட்டில் சாதாரண பேடில் இருக்கிற பிசின் பொரிய ஆரம்பிக்கும். அதிலிருந்து வரும் வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

இது புத்தகத்தில் படித்தது இல்லை. முதல் ட்ராக் டேயில், சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளில், நாலாவது லேப்பில் எனக்கே நடந்தது. பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. புல்லில் இறங்கித்தான் நின்றேன். அன்றைக்குப் போட்டிருந்தது "நல்ல ஸ்ட்ரீட் பேட்"தான்.

நான்காம்கியர்:
பெயர் சொல்லாமல்தான் எழுதினேன். தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜூல் கணக்கு சரி. ஆனால் அந்த நாலாவது லேப் கதை இருக்கிறதே, அதை மூன்று வருஷம் முன்பும் இங்கே எழுதினீர்கள். அப்போது எழுதியது: "பெடல் உள்ளே போய்விட்டது." இப்போது கல் மாதிரி நின்றது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? பெடல் உள்ளே போனால் பேட்மேல் தப்பில்லை, பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்திருக்கிறது. ஆயில் கொதித்ததற்குப் பேடைத் திட்டி, ஊரையே இரண்டு செட் வாங்க வைக்கிறீர்கள்.

ஒரே கேள்வி. அன்றைக்குப் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை மாதம் ஆகியிருந்தது?

மழைச்சாலை:
வணக்கம். நான் புதிது. போலோ ஜிடி வைத்திருக்கிறேன், தாம்பரத்திலிருந்து தினமும் ஆபீஸுக்குப் போய்வருவேன். டிசம்பரில் முதல் ட்ராக் டே. நீங்கள் இருவரும் "ட்ராக்" என்று சொல்வது ஒன்றுதானா? 15 நிமிஷ செஷனில் நிதானமாகச் சுற்றுவதும் ரேஸும் ஒன்றா? அதே மாதிரி "நல்ல ஸ்ட்ரீட் பேட்" என்றால் எது? அது தெரிந்தால் உதவியாக இருக்கும்.

சுடுதார்:
நான்காம்கியருக்கு: பேச்சுவழக்கில் "உள்ளே போச்சு" என்று எழுதியிருப்பேன். பிரேக் பிடிக்கவில்லை என்றால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மிதித்த கால் என்னுடையது. கல் மாதிரி நின்றது.

ஆயில் டாட் 4 தரம். புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் ஏறிய பிறகும் 155 தாங்க வேண்டும். எனக்கும் தெரியும்.

நான்காம்கியர்:
எத்தனை மாதம் என்று கேட்டேன். டாட் 4 என்று பதில் வருகிறது. 155 எங்கே, 230 எங்கே! சென்னைக் காற்றில் இரண்டு வருஷம் கிடந்த ஆயிலோடு ட்ராக்கில் இறங்கினால் எந்த பேட் போட்டாலும் பெடல் உள்ளேதான் போகும். ஐம்பதாயிரத்துக்கு பேட் போட்டாலும் போகும். சில நூறு ரூபாய் ஆயிலை மாற்றி குழாயில் உள்ள காற்றை ஒழுங்காக வெளியேற்றி (ப்ளீட் செய்து) விட்டு வரச் சொல்லுங்கள், பாதிப் பேருக்குப் பிரச்சினையே இருக்காது.

பேட் விஷயத்துக்கும் வருகிறேன். ஃபெரோடோவின் டிஎஸ்2500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியிலிருந்து 500 வரை, சராசரி உராய்வு 0.42. காலையில் சூடேறாமலே பிடிக்கும், ட்ராக்கிலும் பிடிக்கும். ஒரே பேட்.

சுடுதார்:
இதோ, பேச்சு மாறிவிட்டது. நேற்று "நல்ல ஸ்ட்ரீட் பேட்", இன்றைக்கு டிஎஸ்2500. அதைத் தெருக்கோடிக் கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா என்று. அது பாதி ரேஸ் பேட். தினமும் ஓட்டினால் சிக்னலுக்குச் சிக்னல் கீச்சென்று கத்தும். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். நீங்கள் சொன்னது இதுவா?

அப்புறம் அந்த 500. பேட் பெட்டியில் எதை அச்சடித்தாலும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பேடின் முதுகில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது நல்ல சூட்டில். எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55. இதைப் பார்த்துவிட்டு "ஜிஜி வாங்கினேன், ட்ராக்குக்குப் போகலாமா" என்று கேட்டு மாதம் ஒருவர் வருகிறார். அந்தச் சோதனையின் சூடே சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் அந்த பேட் என்ன செய்யும் என்பதை அந்த எழுத்து சொல்லவே சொல்லாது. ட்ராக்கில் நமக்கு வேண்டியதே அதற்கு மேல்தான்.

தனியாக ஒரு ட்ராக் பேடை வாங்கிப் பெட்டியில் வையுங்கள். முந்தின நாள் இரவு மாற்றுங்கள், ஆனால் பூந்தமல்லி தாண்டும் வரை முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விட்டு ஓட்டுங்கள். அந்த பேட் சூடேறாமல் பிடிக்காது, மழை பெய்தால் இன்னும் மோசம். இல்லை, அங்கேயே போய் மாற்றுங்கள். முன்பக்கம் இரண்டு சக்கரம், ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நான்காம்கியர்:
ஆயில் எத்தனை மாதம்?

கோவைக்காரன்:
இருங்காட்டுக்கோட்டையை வைத்தே எல்லாம் பேசுகிறீர்கள். அது 3.7 கிலோமீட்டர், ஆறுவதற்குக் காற்று கிடைக்கும். எங்கள் செட்டிபாளையத்துக்கு வாருங்கள். 2 கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரு திருப்பம் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், பிரேக் ஆறவே ஆறாது. பிரேக்கைச் சோதிக்க வேண்டுமென்றால் இந்தக் கரி ட்ராக்தான். கரிவர்தன் பெயரில் 2003-லிருந்து இருக்கிறது. மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா வண்டி கட்டிய மனுஷன் அவர். சென்னைக்காரர்கள் அந்தப் பெயரையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

சுடுதார்:
தெரியாமல் இல்லை. ஆனால் 70-லிருந்து 50-க்கு இறக்குவதும் 150-லிருந்து 70-க்கு இறக்குவதும் ஒன்றாகாது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. உங்கள் ஊர் ட்ராக்கில் அந்த வேகமே வராது.

கோவைக்காரன்:
வருமா வராதா என்று வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவைகூட இங்கே வந்து ஓட்டாமல் கணக்குப் போடுகிறீர்கள். போன வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர் யார்?

பழையஇரும்பு:
தம்பிகளா, நான் ஒர்க் ஷாப் வைத்து முப்பது வருஷம் ஆகிறது. சோழவரம் ஏர்ஸ்டிரிப்பில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். அன்றைக்கு டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டே ஓட்டினார்கள்.

பேட் மாற்றி மாற்றிப் போடுவதில் ஒரு தொல்லை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. ட்ராக் போய்விட்டு வருகிற வண்டியெல்லாம் திங்கட்கிழமை என்னிடம்தான் வருகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்பார்கள். டிஸ்க் பெண்ட் ஆகியிருக்கும். சூட்டில் வளைந்துவிடும். லேத்தில் கொடுத்துக் கடைந்துதான் ஆக வேண்டும்.

சுடுதார்:
அண்ணா, மரியாதையோடு சொல்கிறேன். டிஸ்க் வளைவதில்லை. பத்தில் ஒன்பது தடவை அது படிவு. பேடின் பொருள் டிஸ்க்மேல் மெல்லிய படலமாக ஒட்டும். புது பேடைப் பழக்குவது, அதாவது பெட்-இன் செய்வது என்பதே அந்தப் படலத்தைச் சமமாக ஏற்றுவதுதான். செஷன் முடிந்து சுடச்சுட வந்து, பிட்டில் (ட்ராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடத்தில்) பெடலை மிதித்தபடியே நின்றால் பேடின் அச்சு அப்படியே டிஸ்க்கில் விழும். அந்த இடம் மட்டும் தடிப்பு. அதுதான் உதறல். நான் ஒவ்வொரு தடவையும் கடைசி லேப்பைப் பிரேக்கே பிடிக்காமல் ஓட்டி, கியரில் போட்டு நிறுத்திவிட்டுத்தான் இறங்குவேன். ஹேண்ட் பிரேக் போடவே மாட்டேன். உதறல் வந்ததே இல்லை.

பழையஇரும்பு:
டயல் கேஜ் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன் தம்பி. கோணல் தெரிகிறது.

சுடுதார்:
தடிப்பு இருந்தாலும் கேஜ் முள் ஆடத்தான் செய்யும், அண்ணா. ஆடுவதை வைத்து வளைவு என்று எப்படிச் சொல்வீர்கள்?

பழையஇரும்பு:
முப்பது வருஷம் இரும்பைத் தொட்டவனுக்கு இது தெரியாதா? உங்களுக்கு இரண்டு பேட் மாற்றத் தெரிந்தால் எல்லாம் தெரிந்ததாகிவிடுமா?

கோவைக்காரன்:
அண்ணன் சொல்வது சரி. சுடுதார் யார் வந்தாலும் பாடம்தான் எடுப்பார்.

மழைச்சாலை:
மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். என் வண்டியில் பின்னால் டிரம்தான். அப்படியென்றால் முன்பக்க பேட் மட்டும் மாற்றினால் போதுமா? மழைக்காலத்தில் தினமும் ஓட்டுவதால் குளிர்ந்த நிலையில் பிடிப்பதுதான் எனக்கு முக்கியம்.

நான்காம்கியர்:
மழைச்சாலை, ஆயிலை மாற்றுங்கள். புதிய டாட் 5.1 போடுங்கள், 260 வரை தாங்கும். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன், இதோடு சேராது. கம்பெனி பேடிலேயே முதல் நாளை ஓட்டலாம். அதற்குள் சுடுதார் வந்து பயமுறுத்துவார் பாருங்கள்.

சுடுதார்:
பயமுறுத்தவில்லை. புல்லில் இறங்கினவன் சொல்கிறேன். கம்பெனி பேடில் முதல் ட்ராக் டே என்று ஒரு புது ஆளுக்குச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? மூன்று லேப் சுகமாக இருக்கும். நம்பிக்கை வந்துவிடும். நாலாவது லேப்பில் இன்னும் பத்து மீட்டர் தள்ளிப் பிரேக் பிடிப்பீர்கள். சரியாக அந்த இடத்தில்தான் பேட் கைவிடும். எனக்குப் புல் இருந்தது. எல்லா இடத்திலும் புல் இருக்காது.

என் பேடை அன்றைக்குக் கழற்றிப் பார்த்தேன். முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, ஓரம் பொடிந்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், மறுநாள் மவுண்ட் ரோட்டில் சாதாரண வேகத்திலேயே பயமாக இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். இதற்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்?

நான்காம்கியர்:
பளபளத்த பேட் இருந்தால் ஆயில் கொதிக்கவில்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே நடக்கும். மூன்று வருஷம் முன்பு நீங்களே எழுதினீர்கள், "பெடல் உள்ளே போய்விட்டது" என்று. அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.

சுடுதார்:
கல் மாதிரி நின்றது.

நான்காம்கியர்:
உள்ளே போய்விட்டது என்று எழுதியது யார்?

கோவைக்காரன்:
இரண்டு பேரும் செட்டிபாளையம் வாருங்கள். என் வண்டியைத் தருகிறேன். அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பழையஇரும்பு:
வருவதாக இருந்தால் டிஸ்க்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் மேஜைமேல் வைத்து அளக்கிறேன்.

சுடுதார்:
அந்தப் பழைய பேட் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் படம் எடுத்துப் போடுகிறேன். ஓரம் எப்படிப் பொடிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நான்காம்கியர்:
போடுங்கள். கூடவே அந்த வருஷத்து சர்வீஸ் பில்லையும் போடுங்கள். ஆயில் மாற்றிய தேதி அதில் இருக்கும்.