ஹிகோனோகாமி மடக்குக்கத்தி: இடவப்பாதி மழையில் துரு, தளர்ந்துபோன ரிவிட்

களியக்காவிளை_கத்தி கேட்டது:
ஜப்பான் மீக்கி ஊரில் செய்த ஹிகோனோகாமி. பித்தளைப் பிடி, நீலக் காகித எஃகு அலகு. இடவப்பாதி தொடங்கி மூணு வாரத்துல அலகில் செம்புள்ளி, ரிவிட்டைச் சுத்திப் பச்சைக் களிம்பு. பிடியைப் புளி போட்டுத் தேய்ச்சு, அலகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வச்சிருந்தேன். இப்போ கவிழ்த்தா அலகு தானா திறந்துடுது. எப்படிச் சரி பண்ண? அடுத்து ஒண்ணு வாங்கினா எதைப் பார்க்கணும்?

பித்தளைப்பிடி:
அண்ணாச்சி, புளியை முதல்ல விடுங்க. குத்துவிளக்குக்கு அது சரி. இந்தப் பிடியோ ஒரே பித்தளைத் தகட்டை மடிச்சுச் செய்தது. மடிப்புக்குள்ள இறங்கின புளித்தண்ணி வெளியே வராது, மடக்கினா வெட்டுவாய் முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கும். பித்தளையும் இரும்பும் ஈரத்துல ஒட்டிக் கிடந்தா துருப்பிடிக்கிறது இரும்புதான். காறின தேங்காய் எண்ணெயில் இருக்கிற அமிலம் பித்தளையைத் தின்னும், உங்க பச்சைக் களிம்பு அதிலிருந்து வந்திருக்கும்.

ஈர்க்கு நுனியில் துணியைச் சுத்தி, சோப்புத் தண்ணியில் தொட்டு மடிப்பைத் துடைங்க. வெயிலில் நல்லா காய விடுங்க. செம்புள்ளியை எண்ணெய் தொட்ட 2000 நம்பர் உப்புத்தாளால் அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்க, குறுக்கே தேய்ச்சா கீறல் நிக்கும். பிறகு தையல் மிஷின் எண்ணெய்: ரிவிட்டில் ஒரு சொட்டு, அலகில் துணியால் மெல்லிசா. தோல் உறையில் போட்டு வைக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

நீலம்னா எஃகின் நிறம் இல்ல, யாசுகி ஆலையில் எஃகுக்குச் சுத்துற காகிதத்தின் நிறம். குரோமியம் அரை சதவீதத்துக்கும் கீழே, அதனால துருப்பிடிக்கத்தான் செய்யும்.

அரமும்_சாணையும்:
தளர்ச்சிக்கு வர்றேன். எண்ணெய் போட்ட ரிவிட் தளர்ந்த மாதிரியே தெரியும், அதனால முதல்ல எண்ணெயைத் துடைச்சுட்டுப் பாருங்க. அப்பவும் விழுந்தா, ரிவிட்டின் ஒரு தலையைத் தட்டையான இரும்பு மேல வச்சு, மறு தலையைச் சின்ன உருண்டைச் சுத்தியலால் ரெண்டு தட்டு. திறந்து பாருங்க, இன்னும் ரெண்டு. அலகு தன் எடையில் விழாம, சிகிரியை, அதான் பின்னால நீட்டியிருக்கிற நாக்கை, அழுத்தினா நகரணும். இந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது. வெட்டும்போது சிகிரி மேல பெருவிரல் இருந்தே ஆகணும். ரொம்ப இறுகிட்டா ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முப்பது தடவை திறந்து மூடுங்க.

தீட்ட: அகலமான சரிவு முழுக்க கல்லில் படியட்டும், கூரில் மட்டும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். 1000 நம்பர் நீர்க்கல், பிறகு 4000. குழி விழுந்த கல்லில் தேய்ச்சா சரிவு உருண்டுபோகும். கல்லை முதல்ல கண்ணாடி மேல 220 நம்பர் உப்புத்தாள் ஒட்டிச் சமமாக்குங்க. சாணைச் சக்கரத்துக்கிட்டயே போகாதீங்க. நடுவில் கடின எஃகு, ரெண்டு பக்கமும் மெது இரும்பு. சூட்டில் நடு எஃகின் பதம் போனா அந்த இடத்தில் கூர் நிக்காது.

பித்தளைப்பிடி:
துருவைத் தடுக்க இன்னொரு வழியும் இருக்கு. அலகைப் பாதி திறந்து, பிடி டம்ளர் விளிம்பில் தங்குற மாதிரி வச்சு, அலகு மட்டும் பால் விடாத கடுங் கட்டஞ்சாயாவில் அரை மணி நேரம். சாம்பல் கலந்த கருநிறம் ஏறும், செந்துரு தாமதமாகும். சாயா மடிப்புக்குள்ள போகக்கூடாது.

வாங்குறப்போ: ஹிகோனோகாமிங்கிறது பதிவு செய்த வணிகப்பெயர். இன்னிக்கு அதைப் போட உரிமை உள்ள பட்டறை நாகாவோ கானேகோமா ஒண்ணுதான். மத்தவை ‘ஹிகோனோகாமி மாதிரி’. அதிலும் நல்லது உண்டு, ஆனா அந்த விலை கொடுக்காதீங்க. 1960ல் ஜப்பான் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமாவை ஒரு பதினேழு வயசுப் பையன் குத்திக் கொன்ன பிறகு பிள்ளைங்க கையில் கத்தி வேண்டாம்னு இயக்கமே நடந்தது, பட்டறைகள் ஒவ்வொண்ணா மூடினாங்க. அதுக்கு முந்தினது கிடைச்சா, அலகைத் தீட்டித் தீட்டி அகலம் குறைஞ்சிருக்கான்னு பாருங்க. பிடியைப் பாலிஷ் பண்ணாதீங்க, முத்திரை எழுத்து தேய்ஞ்சா யார் செய்ததுன்னே தெரியாமப் போயிடும்.