புதுப்பிப்பு: கொத்தடிமை ஒழிப்பில் சபையாரை ஈடுபடுத்துவது பற்றிக் கேட்டிருந்தேன்

செங்கல் சூளைக் கொத்தடிமைகளைப் பற்றிப் பேசினால், திருவள்ளூர் பக்கம் உள்ள எங்கள் சபையில் "அது அரசாங்க வேலை" என்று ஒதுங்குகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிரசங்கமும் சுவரொட்டியும் எடுபடவில்லை. "மாதர் சங்கத்தில் ஆரம்பியுங்கள், மீண்டு வந்தவரையே பேச வையுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. சூளையிலிருந்து விடுதலையான ஒரு அக்கா வந்தார். அதிகம் பேசவில்லை. பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த விடுதலைச் சான்றிதழைப் பிரித்துக் காட்டி, "எங்கம்மா சாவுக்குக்கூட விடல. இந்தப் பேப்பர் கைக்கு வந்த அன்னிக்குத்தான் அழுதேன்" என்றார்.

அப்புறம்தான் கேள்விகள் வந்தன. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, ஆட்களைச் சூளையில் கட்டிப்போடக் கொடுக்கும் முன்பணக் கடனே செல்லாது என்பது பலருக்குப் புதுச் செய்தி. மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு.

எதிர்பாராதது ஒன்று. கூட்டம் முடிந்ததும் எங்கள் சபை அம்மா ஒருவர், தன் தம்பி குடும்பமே முன்பணம் வாங்கிச் சூளையில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இளைஞர்கள் உடனே கிளம்பத் துடித்தார்கள். நேரே போனால் இரவோடு இரவாக ஆட்களை இடம் மாற்றிவிடுவார்கள் என்று இங்கே எச்சரித்தவருக்குத் தனி நன்றி. கோட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுத்தோம். விசாரணை நடந்து ஐந்து பேரும் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் பொறுப்பை மாதர் சங்கம் எடுத்திருக்கிறது. உதவித்தொகை இன்னும் கைக்கு வரவில்லை, அலைந்துகொண்டிருக்கிறோம்.