அந்த ஏற்காட்டுப் படம்: மௌனமா, சரக்கே இல்லையா?

கோரிமேட்டான்: ஞாயித்துக்கிழமை சேலத்துல திரையிட்டாங்களே, பார்த்தீங்களா? காபித் தோட்டக்காரர் மனைவி மூணு வருஷமா இன்னொருத்தரோட பழகுறா. புருஷனுக்குத் தெரியும், கேக்க மாட்டார். அவளும் சொல்ல மாட்டா. ரெண்டு மணி நேரம் பனிமூட்டம். பனி பார்க்கணும்னா 20 கொண்டை ஊசி ஏறி நானே போய்ப் பார்த்துக்க மாட்டேனா?

பனிக்குல்லா: பேசாததுதாங்க படமே. எங்க பெரியம்மா பல வருஷம் "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு"ன்னு சுவத்தப் பார்த்துத்தான் சொல்லுவாங்க. அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியில எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

கோரிமேட்டான்: பெரியம்மா ஏன் பேசலைன்னு உங்களுக்குத் தெரியும். இவளப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஜன்னலோரம் நிக்கிறா. அவனப் பிடிச்சுதா, இவனப் பிடிக்கலையா, வெறும் சலிப்பா?

ஒண்டிக்கடைக்காரி: ஏரிக்கரையில ஜோடியா நடக்கறாங்க, ஊருல ஒருத்தருக்கும் தெரியலையாம்! எங்க ஊர்ல மாத்திரை வாங்கினாலே நாகலூர்ல நலம் விசாரிப்பாங்க. அப்புறம், ஒரே வாரத்துல நடக்கிற கதையில காபிப் பூவும் இருக்கு, பழம் பறிக்கிறதும் இருக்கு. மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்து நாலு நாள்ல வாடிரும். பழம் நவம்பர் வாக்குலதாங்க.

பனிக்குல்லா: அது குறியீடு.

ஒண்டிக்கடைக்காரி: பறிக்கிறவங்களுக்கு அது கூலி.

செவ்வாப்பேட்டை பெருசு: தம்பிகளா, இந்த விஷயம் நம்மூருக்குப் புதுசில்ல. டி.ஆர்.சுந்தரம் 1935ல ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பிச்சு, 1937ல எடுத்த முதல் படமே 'சதி அகல்யா'. அகலிகையாவது தப்புக்கு அப்புறம்தான் கல்லானா. இதுல முதல் காட்சியிலயே எல்லாரும் கல்லு.

பனிக்குல்லா: ஐயா, தண்டனை எதிர்பார்க்கிறதுதான் சிக்கலே. இன்னொருத்தர் மனைவியோட பழகுனா குத்தம்னு சொன்ன 497வது பிரிவ 2018ல உச்ச நீதிமன்றமே ரத்து பண்ணிருச்சு.

கோரிமேட்டான்: தண்டனை யார் கேட்டா? அந்தச் சட்டத்துல புருஷன் சம்மதிச்சா குத்தமே இல்ல, பொண்டாட்டி அவன் சொத்து மாதிரி. அதுக்காகவும்தானே தூக்குனாங்க! இந்த டைரக்டர் திரும்பக் கொண்டு வந்துட்டார். கடைசி அரை மணி நேரம் ரெண்டு ஆம்பளைங்க உக்காந்து அவ யாரோட இருக்கணும்னு பேசித் தீர்க்கிறாங்க. அவ உள்ள காபி போட்டுக்கிட்டிருக்கா.

பனிக்குல்லா: அந்தக் காட்சி மோசந்தான், ஒத்துக்கறேன். மேசைக் காட்சிய மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

ஒண்டிக்கடைக்காரி: என்ன காபி போட்டான்னு பார்த்தீங்களா? இன்ஸ்டன்ட். தோட்டக்காரர் வீட்டுல!