ஃபெராரி 2019: எரிபொருள் மீட்டரை ஏமாற்றினார்களா, நாம்தான் கதை கட்டுகிறோமா?

ஸ்பா மழை:
வேறொரு பேச்சில் மாணிக்கம் அண்ணன் "நிரூபிக்காத குற்றத்துக்கு ஃபெராரியை இன்னும் எத்தனை வருஷம் திட்டுவீர்கள்" என்று கேட்டார். அங்கே பதில் எழுதினால் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள் என்பதால் தனித் திரி. அப்போது பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஃபார்முலா 1 கார்ப் பந்தயத் தொடரில், கோடை விடுமுறைக்குப் பிறகு ஃபெராரி அணி ஸ்பா பந்தயத்திலிருந்து மெக்ஸிகோ வரை வரிசையாக ஆறு போல் (பந்தயத்தில் முதலாவதாகக் கிளம்பும் இடம், சனிக்கிழமை தகுதிச் சுற்றில் முடிவாவது) எடுத்தது. ஸ்பா, மொன்ஸா, சிங்கப்பூர் மூன்றையும் ஜெயித்தது. அமெரிக்கப் பந்தயத்துக்காக ஆஸ்டினுக்குப் போன வாரத்தில், போட்டி அணியான ரெட் புல் எரிபொருள் மீட்டர் பற்றிக் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக, விதி போடும் அமைப்பான எஃப்ஐஏ ஒரு தொழில்நுட்ப உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு அந்த ஆண்டு ஃபெராரிக்கு ஒரு போல்கூட இல்லை. அடுத்த பிப்ரவரி 28, பார்சிலோனா சோதனை ஓட்டத்தின் கடைசி நாள், எல்லாரும் மூட்டை கட்டும் நேரத்தில், "எஞ்சின் விசாரணை முடிந்தது, ஃபெராரியோடு உடன்பாடு ஏற்பட்டது, விவரம் எங்களுக்குள் இருக்கும்" என்ற பொருளில் ஓர் அறிக்கை. அந்த வருஷம் ஃபெராரி ஆறாவது இடம். என் கட்சி வெளிப்படை: செய்தார்கள்.

மொன்ஸா மாணிக்கம்:
தம்பி, நீங்கள் சொன்ன எல்லாம் சரி, சொல்லாமல் விட்டதுதான் விஷயம். ஆஸ்டின் தகுதிச் சுற்றில் ஃபெராரியின் வெட்டல் எத்தனாவது? இரண்டாவது. போல் எடுத்த மெர்சிடஸ் ஓட்டுநர் பொட்டாஸுக்கும் அவருக்கும் இடைவெளி 0.012 நொடி. திருட்டை நிறுத்திய வார இறுதியில், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான இடைவெளியில் போலைத் தவறவிட்டவனைப் பார்த்து "பார், வேகம் போய்விட்டது" என்கிறீர்கள். அடுத்து பிரேசிலிலும் அவர் இரண்டாவது. ஞாயிறு ஆஸ்டின் பந்தயத்தில் ஃபெராரியின் இன்னொரு ஓட்டுநர் லெக்லெர், ஜெயித்தவருக்கு 52 நொடி பின்னால் வந்தார், உண்மை. ஆனால் சனிக்கிழமை காலைப் பயிற்சியில் எண்ணெய்க் கசிவு வந்து அவர் பழைய எஞ்சினோடு ஓடினார், வெட்டலுக்கு சஸ்பென்ஷன் உடைந்து பந்தயமே போச்சு. இதையெல்லாம் பார்க்காமல் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் டச்சு டிவியில் "ஏமாற்றுவதை நிறுத்தினால் இப்படித்தான்" என்று ஒரு வரி போட்டார், உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

பழைய கார்புரேட்டர்:
என்ன செய்ததாகச் சந்தேகம் என்பதைச் சொல்லாமலே இருவரும் மோதுகிறீர்கள். அதை வைத்துவிட்டுப் போகிறேன்.

2014 முதல் 2025 வரை எஞ்சினுக்குள் எரிபொருள் பாயும் வேகத்துக்கு ஒரு வரம்பு இருந்தது: மணிக்கு 100 கிலோ, அதாவது நொடிக்கு 28 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. எரியும் பெட்ரோல்தான் சக்தி என்பதால், இந்த வரம்பைத் தாண்ட முடிந்தவனை ஸ்ட்ரெய்ட்டில் (நேர்ப்பாதையில்) யாரும் பிடிக்க முடியாது. சும்மா விட்டுவிடவும் மாட்டார்கள். அந்த விதி வந்த முதல் பந்தயத்திலேயே, மெல்போர்னில், ரெட் புல் ஓட்டுநர் ரிக்கியார்டோ இரண்டாவதாக வந்து இதற்காகத்தான் தகுதிநீக்கம் ஆனார். அளப்பது ஓர் அல்ட்ராசோனிக் மீட்டர். ஒலித்துடிப்பை எரிபொருளோடு ஒரு முறை, அதற்கு எதிராக ஒரு முறை அனுப்பி, இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசத்தை வைத்துப் பாய்ச்சலைக் கணக்கிடும். கவனியுங்கள், இது தொடர்ந்து ஓடும் அளவை இல்லை. மிக வேகமாக எடுத்தாலும் தனித்தனி மாதிரிகள்தான். தேர்வு அறைக் கண்காணிப்பாளர் எந்த நொடியில் திரும்பிப் பார்ப்பார் என்று தெரிந்துவிட்டால் நடுவில் பக்கத்துத் தாளைப் பார்க்கலாம் அல்லவா, ரெட் புல்லின் கேள்வி அதுதான்: மின் குறுக்கீட்டால் அந்த மாதிரிகளுக்கு இடையில் கூடுதலாக ஊற்றினால் அது விதிக்கு உட்பட்டதா? எஃப்ஐஏ பதில்: இல்லை. இப்படிக் கேட்பது அங்கே பழைய வழக்கம். எதிரியின் பெயரைச் சொல்லாமல் "நாங்கள் செய்யலாமா" என்று கேட்டு அவன் கதவை மூடுவது.

செய்தார்களா என்பதில் இறங்கமாட்டேன். ஒன்று மட்டும் யோசியுங்கள். 2019இல் பந்தயத்துக்கு மொத்த எரிபொருள் 110 கிலோ. வரம்பு மீறி ஊற்றினால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே இப்படி ஒரு வித்தை இருந்தால் அதன் முழுப் பலன் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது, சனிக்கிழமை தகுதிச் சுற்றில் கிடைக்கும்.

ஸ்பா மழை:
இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், எனக்குச் சொல்ல வரவில்லை. 2019இல் ஃபெராரி மொத்தம் ஒன்பது போல், மூன்று வெற்றி. சனிக்கிழமை ராஜா, ஞாயிற்றுக்கிழமை சாதாரண ஆள். கார்புரேட்டர் சார் சொன்ன கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

மொன்ஸா மாணிக்கம்:
பொருந்தும், பொருந்தும். டயரோடும் பொருந்தும். அந்தக் கார் காற்று இழுவை குறைந்த கார், டவுன்ஃபோர்ஸும் (காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை) குறைவு. ஒரு சுற்று புது சாஃப்ட் டயரில் பறக்கும், பத்துச் சுற்று தாண்டினால் வழுக்கி வழுக்கி டயரைத் தின்றுவிடும், மெர்சிடஸ் வந்து பிடிக்கும். பஹ்ரைனில் லெக்லெர் தோற்றது சிலிண்டர் கோளாறால். கனடாவில் வெட்டல் தோற்றது ஐந்து நொடி தண்டனையால். ரஷ்யாவில் வெட்டல் கார் நின்றதால் வந்த மெய்நிகர் பாதுகாப்புக் கார் (எல்லாரும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற அறிவிப்பு) மெர்சிடஸின் ஹாமில்டனுக்கு லாபமானது. இவற்றில் எதற்குப் பெட்ரோல் மீட்டர் காரணம்? அதோடு, சிங்கப்பூரில் எங்கே ஸ்ட்ரெய்ட்? அங்கே காருக்குப் புது மூக்கு மாட்டி வந்து முதல் இரண்டு இடம் எடுத்தார்கள். அதுவும் மீட்டரா?

குறுக்குச்சந்து:
நீங்கள் இருவரும் ஃபெராரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு ஆத்திரம் எஃப்ஐஏ மேல்தான். 2020 மார்ச் 4 அன்று ஃபெராரி எஞ்சின் வாங்காத ஏழு அணிகளும் சேர்ந்து "அதிர்ச்சியாக இருக்கிறது" என்று அறிக்கை விட்டன. மறுநாள் எஃப்ஐஏ என்ன சொன்னது? ஃபெராரி எப்போதும் விதிக்குள் இயங்கியதாக முழுத் திருப்தி இல்லையாம், ஆனால் மறுக்க முடியாத ஆதாரம் கொடுப்பது சாத்தியம் இல்லை என்பதால் உடன்பாடாம். அதாவது சந்தேகம் இருக்கிறது, பிடிக்க முடியவில்லை, ஆனால் கைகுலுக்கிவிட்டோம். அந்த உடன்பாட்டில் ஃபெராரி எதற்கு ஒப்புக்கொண்டது தெரியுமா? கண்காணிப்பை மேம்படுத்த உதவுவது, கூடவே கரியமில வாயு குறைப்பு, நிலைத்த எரிபொருள் ஆய்வு! குற்றம் செய்யாதவன் எதற்கு ஆய்வுக்கு உதவ வேண்டும், செய்தவனுக்கு எதற்கு மரம் நடும் தண்டனை?

அதே 2020இல் ரேசிங் பாயின்ட் அணி மெர்சிடஸின் பிரேக் டக்ட்டை (பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாய்) பார்த்து வரைந்ததற்கு 15 புள்ளி, 4 லட்சம் யூரோ, காரணங்களோடு தீர்ப்பு, உலகம் முழுக்கப் படித்தது. 2005இல் பி.ஏ.ஆர். அணியின் காரில் பெட்ரோலை முழுக்க வடித்துப் பார்த்தபோது எடை குறைந்தபட்ச வரம்பான 600 கிலோவுக்குக் கீழே இருந்தது, இமோலா பந்தயத்தில் அந்த அணியின் முடிவையே ரத்து செய்து இன்னும் இரண்டு பந்தயத்துக்கு வெளியே அனுப்பினார்கள். ஃபெராரிக்கு மட்டும் மூடிய உறை. அப்போது எஃப்ஐஏ தலைவர் ழான் டோட், 1993 முதல் 2007 வரை ஃபெராரி அணியை நடத்தியவர். அதில் தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அப்படி ஒருவர் நாற்காலியில் இருக்கும்போது உறையை மூடாமல் இருப்பதுதான் அவருக்கே நல்லது.

மொன்ஸா மாணிக்கம்:
சந்து, இதில் பாதி எனக்கும் சம்மதம். அந்த உறையைத் திறந்திருந்தால் என்னைப் போன்றவன் இன்றைக்கும் இங்கே உட்கார்ந்து பதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் "ஆதாரம் இல்லை" என்று விசாரித்தவனே எழுதிக் கொடுத்த பிறகு, விசாரிக்காத நாம் "செய்தார்கள்" என்பது எந்த ஊர் நியாயம்? 2018இல் ஃபெராரி இரட்டை பேட்டரியை வைத்து விதிக்கு மேல் மின்சக்தி எடுக்கிறது என்று ஒரு கதை வந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் கூடுதல் கண்காணிப்பு வைத்தார்கள், கடைசியில் எஃப்ஐஏ திருப்தி என்று சொல்லி முடித்தது. அதை யாரும் பேசுவதில்லை.

ஸ்பா மழை:
பேட்டரியில் திருப்தி என்றார்கள், எஞ்சினில் திருப்தி இல்லை என்றார்கள். வித்தியாசத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் அண்ணே.

அப்புறம், 2020இல் எல்லா அணிக்கும் இரண்டாவது மீட்டர் ஒன்று கட்டாயமானது. அதன் மாதிரி எடுக்கும் நேரம் அணிகளுக்குத் தெரியாது. அது வந்த வருஷம் ஸ்பாவில் ஃபெராரி 13, 14ஆவது இடத்தில் கிளம்பி அதே 13, 14ஆவது இடத்தில் முடித்தது. மொன்ஸா தகுதிச் சுற்றில் 13, 17. ஒரு வருஷத்துக்கு முன்னால் போல் எடுத்த இரண்டு தடங்கள்.

மொன்ஸா மாணிக்கம்:
2020 கார் காற்று இழுவை மிகுந்த கார், அதை அணித் தலைவர் பினோட்டோவே ஒப்புக்கொண்டார். 2019இல் வளைவில் தோற்றோம் என்று டவுன்ஃபோர்ஸைக் கூட்டினார்கள், அது ஸ்ட்ரெய்ட்டில் கழுத்தைப் பிடித்தது, கோவிட் வருஷம் என்பதால் திருத்தவும் வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். மீட்டரைத் தவிர வேறு காரணமே இருக்கக் கூடாது என்றால் எப்படி?

பழைய கார்புரேட்டர்:
இங்கே ஓர் எளிய சோதனை இருக்கிறது. கார் காரணம் என்றால் ஃபெராரி மட்டும் விழ வேண்டும். எஞ்சின் காரணம் என்றால் அதே எஞ்சின் வாங்கிய ஹாஸும் ஆல்ஃபா ரோமியோவும் சேர்ந்து விழ வேண்டும். அவர்களுடைய சேஸி (எஞ்சின் நீங்கலான கார் உடல்) வேறு.

ஸ்பா மழை:
விழுந்தார்கள். ஹாஸ் 28 புள்ளியிலிருந்து 3. ஆல்ஃபா 57இலிருந்து 8.

மொன்ஸா மாணிக்கம்:
ஹாஸ் 2019லேயே ஒன்பதாவது இடம், அந்தக் காரை அவர்களுக்கே புரியவில்லை, அதை விடுங்கள். ஆல்ஃபாவின் 57ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் 22 பிரேசிலில் ஒரே நாளில் வந்தது, ரைக்கோனன் நான்காவது, ஜியோவினாட்ஸி ஐந்தாவது. முன்னால் ஓடியவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டதால் கிடைத்தது. அதுவும் ஆஸ்டின் உத்தரவுக்குப் பிறகு! 2020இல் பந்தயங்களும் குறைவு. கணக்கை மறுபடி போடுங்கள்.

ஸ்பா மழை:
போட்டேன் அண்ணே. பிரேசிலைக் கழித்தால் 20 பந்தயத்தில் 35. 2020இன் 17 பந்தயத்துக்கு அதே விகிதத்தில் சுமார் 30 வர வேண்டும். வந்தது 8.