குச்சி எங்கே போனது? 360 டிகிரி கேமராவோடு பட்ட அனுபவங்கள்

வட்டக்கண்

சென்ற மாதம்தான் முதன்முறையாக, சுற்றிலும் மேலும் கீழும் எல்லாவற்றையும் ஒரே படத்தில் பிடிக்கும் 360 டிகிரி கேமரா ஒன்றைக் கையில் எடுத்தேன். நீளமான செல்ஃபி குச்சியின் நுனியில் அதைத் திருகித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஒரு பாலத்தைக் கடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாலம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, நானும் இருக்கிறேன். குச்சி மட்டும் இல்லை. என் வலது கை எதையோ இறுகப் பற்றியபடி வெறுங்காற்றில் நீண்டிருக்கிறது. கீழே பாலத்தின் தரையில் விழுந்த என் நிழல் மட்டும் ஒழுங்காகக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது!

மென்பொருள்தான் அழித்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் நிழலை ஏன் விட்டுவைத்தது? இதுபோல் உங்களுக்கு நேர்ந்தவற்றையும் சொல்லுங்கள்.

தையல்காரர்

மென்பொருளுக்கு அவ்வளவு புண்ணியம் சேர்க்காதீர்கள். பாதி வேலை கேமராவின் உடலமைப்பிலேயே முடிந்துவிடுகிறது.

கையடக்க 360 கேமராக்களில் இரண்டு மீன்விழி லென்ஸ்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். 2013இல் வந்த ரிக்கோ தீட்டாவிலேயே இந்த அமைப்புதான். ஒவ்வொரு லென்ஸும் 180 டிகிரிக்கும் சற்றுக் கூடுதலாகப் பார்க்கும். அந்தக் கூடுதல் விளிம்பை வைத்து இரு பாதிகளையும் பொருத்திப் பார்த்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, ஓரத்தோடு ஓரம் தைக்கிறார்கள்.

இப்போது ஒவ்வொரு லென்ஸுக்கும் முன்னால் எல்லையில்லாத ஒரு சுவர் எழுப்பியதாகக் கற்பனை செய்யுங்கள். முன் லென்ஸ் தன் சுவருக்கு அப்பால் உள்ளதைத் தருகிறது, பின் லென்ஸ் தன் சுவருக்கு அப்பால் உள்ளதைத் தருகிறது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே கேமராவின் தடிமன் அளவுக்கு ஒரு சந்து இருக்கிறதே, அது இரண்டு பாதியிலும் சேராது. தொலைவில் உள்ள மலைக்கும் மரத்துக்கும் அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் சந்து ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கேமராவை ஒட்டி நிற்கும் ஒல்லியான குச்சி முழுக்க அந்தச் சந்துக்குள் அடங்கிவிடுகிறது. நிழல் விழுந்த தரையோ சந்துக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் மாட்டிக்கொண்டது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, அசடு வழிந்து கற்றேன். ஒரு நேர்காணலுக்குப் போனபோது ஒலி நன்றாக வரட்டும் என்று குச்சியின் பாதியில் ஒரு சிறிய மைக்கைக் கவ்வி போட்டு மாட்டினேன். படத்தில் குச்சி இல்லை. மைக் மட்டும் இருவர் தலைக்கும் நடுவே வவ்வால் போல அந்தரத்தில் தொங்கியது. இருபது நிமிடப் பதிவு. இன்னொரு முறை குச்சியின் மூட்டு தளர்ந்து கேமரா ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அன்று குச்சி பாதிவரை மறைந்து, பிறகு எங்கிருந்தோ முளைத்தது. கேமராவும் குச்சியும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதே முக்கியம், குச்சியின் விலை அல்ல.

மூன்றாம்கால்

தையல்காரர் ஐயா சொன்ன சந்துக்குள் குச்சி மட்டுமா போகும்? என் தோழி கேமராவுக்கு வெகு அருகில், சரியாகத் தையல் கோட்டின் மேலேயே நின்று சிரித்தாள். படத்தில் அவள் முகம் இரண்டு விரல் அகலம் குறைந்திருந்தது. மூக்கு காணாமல் போய்விட்டது. இன்றுவரை அந்தப் படத்தை அவளிடம் காட்டவில்லை.

பழையலென்ஸ்

நான் பழைய முறைக்காரன். சாதாரணக் கேமரா, மீன்விழி லென்ஸ், முக்காலி, அதன் மேல் கேமராவைச் சுற்றித் திருப்பும் பனோரமா ஹெட். 60 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றி ஆறு படம், மேலே ஒன்று, கீழே ஒன்று. எங்களுக்கு எந்தச் சந்தும் உதவிக்கு வராது. கேமராவுக்கு நேர் கீழே, நாடிர் என்று சொல்வோமே, அங்கே முக்காலி மூன்று கால்களையும் அகட்டிக்கொண்டு நிற்கும்.

அதுவும் எப்படி நிற்கும் என்கிறீர்கள்! முழுக் கோளத்தையும் இரண்டுக்கு ஒன்று என்ற அகலத்தில் தட்டையாக விரிக்கும்போது, அடிப்பக்கத்து விளிம்பு முழுவதும் உண்மையில் ஒரே ஒரு புள்ளிதான். உலக வரைபடத்தில் அண்டார்டிகா பாயை விரித்தது போல இருக்கிறதல்லவா, அதே கதை. உள்ளங்கை அளவுள்ள முக்காலித் தலை படத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கறுப்பாகப் படுத்துக்கிடக்கும். அதை அப்படியே அழிக்க முயன்றவர்கள் பாவம். முதலில் கோளத்தைப் பெட்டியின் ஆறு முகங்களாக மாற்றி, கீழ் முகத்தை மட்டும் தனியே எடுத்துத் திருத்த வேண்டும். அப்போதுதான் தரை தரையாகத் தெரியும்.

என் வழக்கம் இது: சுற்றுப் படங்களை எடுத்து முடித்ததும் முக்காலி நின்ற இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைப்பேன். முக்காலியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, கேமராவைக் கையில் நீட்டிப் பிடித்து அந்தத் தரையை மட்டும் ஒரு படம் எடுப்பேன். கை கொஞ்சம் விலகினாலும் கவலையில்லை, வேறு கோணத்தில் எடுத்ததைத் திருத்திப் பொருத்த மென்பொருளில் வழி உண்டு. ஒரு நிபந்தனை, தரை சமதளமாக இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையை மறந்து ஒரு சுழல் படிக்கட்டின் நடுவில் முக்காலியை நிறுத்தினேன். ஒரு கால் மேல்படியில், இரண்டு கால் கீழ்ப்படியில். ஒரு படி பொருந்தினால் அடுத்த படி விலகியது. பார்க்கும் இடம் மாறினால் பொருளும் இடம் மாறியதுபோல் தெரிவதை இடமாறு தோற்றம் என்று பள்ளியில் படித்தோமே, அது அன்று என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தியது. இரண்டு இரவுகள் போராடிவிட்டு, தோற்றுப்போய் அங்கே ஒரு வட்ட முத்திரையை ஒட்டினேன். ஊரெல்லாம் செய்வதுதான். ஆனாலும் அந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டதுபோல் ஒரு கூச்சம்.

செங்கோள்

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த தற்படத்தை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அங்கே யாருமே இல்லை என்றீர்களே, இதை எடுத்தது யார், டீச்சர்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

பிறகு தேடிப் படித்தேன். 2012 அக்டோபர் 31 அன்று, ஊர்தி தன் இயந்திரக் கையின் நுனியிலுள்ள மாலி என்ற கேமராவால் 55 படங்களை எடுத்தது. அவற்றைத் தைத்தால் வருவதுதான் அந்த ஒரே படம். கை இரண்டு மீட்டருக்கும் சற்று அதிக நீளம். ஒவ்வொரு படத்துக்கும் மணிக்கட்டையும் முழங்கையையும் மாற்றி மாற்றித் திருப்புவதால், கையின் பெரும்பகுதி கேமராவின் பார்வைக்கு வெளியிலேயே இருந்துவிடுகிறது. ஏதாவது ஒரு படத்தில் எட்டிப்பார்த்தாலும், அதே இடம் கையில்லாமல் வேறொரு படத்தில் இருக்கும், அதை எடுத்துக்கொள்கிறார்கள். 2021 ஏப்ரல் 6 அன்று பெர்சிவரன்ஸ் என்ற இன்னொரு செவ்வாய் ஊர்தி, சிறிய இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படமும் இப்படித்தான், 62 படங்களின் தையல்.

மறுநாள் வகுப்பில் மாணவர்களையே செய்து பார்க்கச் சொன்னேன். கைப்பேசியைப் பிடித்த கையை ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் மடக்கி, ஒரே மேசையை எட்டுப் படமாக எடுத்தார்கள். அச்சிட்டு, வெட்டி, பசை போட்டு ஒட்டினார்கள். மேசைக்கு ஐந்து கால்கள் வந்தன. கை ஒன்றும் வரவில்லை. கேள்வி கேட்ட மாணவி விடவில்லை: "செவ்வாய்ப் படத்தில் தரையில் கையின் நிழல் தெரிகிறதே, டீச்சர்!" உற்றுப் பார்த்தேன். தெரிந்தது.

வெறுங்கூடம்

விற்பனைக்கு வரும் வீடுகளை 360 டிகிரியில் படமெடுப்பது என் தொழில். என் எதிரி நிழல் அல்ல, கண்ணாடி. கேமராவைத் தாங்கி நின்று அதனிடமிருந்தே ஒளிந்துகொள்ளும் ஒற்றைக்கால் தாங்கி, எதிரிலுள்ள கண்ணாடியில் தலை முதல் கால்வரை தெரியும். கண்ணாடியில் உள்ள பிம்பம் சந்துக்குள் இல்லையே.

கதவுக்குப் பின்னால் பதுங்கிக் கைப்பேசியில் பொத்தானை அழுத்துவேன். ஒருமுறை குளியலறைக் கண்ணாடியில், கதவிடுக்கு வழியே என் முழங்காலும் ஒரு செருப்பும் தெரிந்திருக்கின்றன. வீடு பார்க்க வந்தவர் உரிமையாளரிடம், "உள்ளே யாரோ ஒளிந்திருக்கிறார்களே" என்றாராம். அதன்பிறகு ஒவ்வோர் அறையிலும் கேமராவை அசைக்காமல் இரண்டு படம் எடுக்கிறேன், நான் இடம் மாறி நின்று. ஒன்றில் நான் இருக்கும் இடம் மற்றதில் காலியாக இருக்கும், இரண்டையும் சேர்த்தால் நான் இல்லை. கண்ணாடியில் தெரியும் ஒற்றைக்காலை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். அதைத் தேடுகிறவர் வீடு வாங்க வந்தவராக இருக்க மாட்டார்.

மூன்றாம்கால்

தாங்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. 2011இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 36 கேமராக்களை ஒரு பந்துக்குள் பதித்தார்கள். மேலே எறிந்தால், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது 36ம் சேர்ந்து படமெடுக்கும். மறைக்கக் குச்சியில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு, பிடிப்பதற்குக் கைகளை விரித்தபடி நிற்கும் மனிதர்தான் படத்தில் இருப்பார்.

வட்டக்கண்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அதே பாலத்துக்கு மீண்டும் போனேன், இம்முறை உச்சி வெயிலில். நிழல் காலடியிலேயே சுருண்டுவிட்டது. குச்சியின் மூட்டு தளராமல் இறுக்கி, கேமராவையும் குச்சியையும் நேராக நிறுத்தினேன். தரையில் ஒன்றுமில்லை, கண்ணாடி எதுவும் பக்கத்தில் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உடன் வந்த தம்பி படத்தைப் பெரிதாக்கித் தன் கறுப்புக் கண்ணாடியைக் காட்டினான். இரண்டு வில்லைகளிலும் ஒவ்வொரு குச்சி.