இந்தக் கரகரப்பு தட்டினுடையதா, ஒலிப்பதிவினுடையதா?

நண்பர்களே, 'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' இசைத்தட்டின் பழைய பிரதி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவான கச்சேரி. மொத்தம் ஆறே பாடல்கள், இரண்டாம் பக்கத்தில் இரண்டு மட்டும். கீத் மூனின் டிரம்ஸ் அறையையே அதிரவைக்கிறது. ஜான் என்ட்விசிலின் பேஸ் கிட்டார் நெஞ்சில் வந்து இடிக்கிறது. குறுந்தகட்டில் எனக்கு இந்த நெருக்கம் கிடைத்ததே இல்லை.

சிக்கல் இதுதான்: கரகரப்பு இருக்கும், திருத்த வேண்டாம் என்று தட்டின் நடுத்தாளிலேயே கையெழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் நான் கேட்பதில் எது மூலப்பதிவின் சத்தம், எது தூசியும் கீறலும்? கழுவிப் பார்க்கலாமா, முள்ளை மாற்றலாமா? பழைய பிரதி வைத்திருப்பவர்கள், உங்கள் தட்டில் எந்தெந்த இடங்களில் கரகரக்கிறது என்று தயவுசெய்து சொல்லுங்கள். தேய்த்துக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.